சிறுநீரக எம்.ஆர்.ஐ.க்கு முன் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

சிறுநீரகத்தை எம்.ஆர்.ஐ. எடுக்கும்படி மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் நோயாளி கேட்கும் முதல் கேள்வி, வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்பது. இரண்டாவது, தண்ணீராவது குடிக்கலாமா என்பது. முதல் கேள்விக்கு ஸ்கேன் மையங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி பதில் சொல்கின்றன. இரண்டாவது கேள்விக்கோ ஓரிடத்தில் ஒரு சொட்டும் கூடாது என்பார்கள். இன்னோரிடத்தில் நிறையக் குடித்துவிட்டு வாருங்கள் என்பார்கள். மூளையையோ முழங்காலையோ படம் எடுப்பதாக இருந்தால் இந்த வேறுபாட்டால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது. சிறுநீரகம் அப்படிப்பட்ட உறுப்பு அன்று. உடலுக்குள் வந்த தண்ணீரைக் கணக்குப் பார்த்து வெளியேற்றுவதே அதன் வேலை. ஆகவே ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த தண்ணீர், படம் எடுக்கும் அந்த நேரத்திலேயே அதன் ஆக்சிஜன் செலவையும், நுண்குழாய்களில் ஓடும் திரவத்தின் வேகத்தையும், சிறுநீர் தேங்கும் இடங்களின் அகலத்தையும் மாற்றிக்கொண்டிருக்கும்.

இந்தக் கட்டுரை இரண்டு தரப்பினருக்காக எழுதப்பட்டது: ஸ்கேனுக்குப் போகிறவர்களும் அவர்களை அழைத்துச் செல்பவர்களும் ஒரு தரப்பு, எம்.ஆர்.ஐ. அறையில் பணிபுரியும் தொழில்நுட்பர்களும் ஆய்வு மாணவர்களும் மறு தரப்பு. இரு தரப்புக்கும் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சரியான தண்ணீர் அளவு என்று எதுவும் இல்லை. ஆனால் ஒரே நபரை இரண்டு முறை படம் எடுத்து ஒப்பிடுவதாக இருந்தால், இரண்டு முறையும் அவர் ஒரே நீர்நிலையில் இருந்தாக வேண்டும், அந்த நிலை எழுத்தில் பதிவாகியிருக்கவும் வேண்டும்.

தண்ணீர் உள்ளே போனதும் நடப்பவை

குடித்த தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தைச் சற்றே நீர்க்கச் செய்கிறது. அந்தச் சிறு மாற்றத்தை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி உணர்ந்து, வாசோபிரெசின் என்ற ஹார்மோன் வெளியாவதைக் குறைக்கிறது. வாசோபிரெசின் குறைந்துவிட்டால் சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்கள் நீரைத் திரும்ப உடலுக்குள் விடுவதில்லை. சிறுநீர் அளவில் பெருகி, நிறத்தில் வெளுக்கிறது. ஒரே மூச்சில் நிறையத் தண்ணீர் குடித்தவருக்கு இந்தப் பெருக்கு உச்சத்தை அடைய ஏறத்தாழ 1 முதல் 1½ மணி நேரம் ஆகும். ஆரோக்கியமான சிறுநீரகம், சிறுநீரின் செறிவைக் கிலோவுக்கு 50 மில்லி ஆஸ்மோல் (கரைந்துள்ள துகள்களின் அளவைக் குறிக்கும் அலகு) வரை தாழ்த்தவும், நீர் கிடைக்காத நேரத்தில் 1,200 வரை உயர்த்தவும் வல்லது. இருபது மடங்குக்கு மேல் ஏறி இறங்கும் இத்தகைய உறுப்பைப் படம் எடுக்கும்போது, அது அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதைக் கேட்காமல் விடுவது சரியாகாது.

சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணிக்கும் உட்பகுதியான அகணிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கு வருகிறது. அதில் மிகப் பெரும்பகுதி புறணியோடு நின்றுவிடுகிறது. அகணிக்கு வந்து சேர்வது பத்தில் ஒரு பங்கு அளவுதான். வாய்க்காலின் கடைமடை வயலைப் போன்றது அகணி: வருவது கொஞ்சம், வேலையோ அதிகம். நுண்குழாயின் ஒரு பகுதியான ஹென்லே வளைவின் தடித்த ஏறுமுகப் பகுதி அங்கேதான் சோடியத்தை இடைவிடாமல் வெளித்தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த வேலைக்கு ஆக்சிஜன் செலவாகிக்கொண்டே இருக்கிறது. புறணியில் ஆக்சிஜனின் அழுத்தம் 50 மி.மீ. பாதரச அளவை ஒட்டி இருக்கும்போது, அகணியில் அது 10 முதல் 20 வரைதான் இருக்கிறது. பிரெசிஸ், ரோசன் ஆகிய இருவரும் 1995-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரை, இந்த ஆக்சிஜன் பற்றாக்குறையைச் சிறுநீரக மருத்துவர்கள் பலரின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

தண்ணீர் குடித்ததும் வாசோபிரெசின் குறைகிறது. அதனால் சோடியத்தைத் தள்ளும் வேலைக்கான தூண்டுதலும் தளர்கிறது. அதே வேளையில் சிறுநீரகத்துக்குள் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ரத்த நாளங்களை விரித்து, சோடியத்தைக் கடத்தும் வேலையையும் மட்டுப்படுத்துகிறது. செலவு குறைந்து வரவு சற்றுக் கூடுவதால், அகணியில் ஆக்சிஜன் உயர்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் தண்ணீரின் விளைவு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இதுவே.

எந்தப் படத்தில் எவ்வளவு மாற்றம்

ஆக்சிஜனை விட்டுக்கொடுத்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றே குலைக்கும் தன்மை கொண்டது. இதை 1936-ல் பாலிங்கும் கோரியலும் கண்டறிந்தனர். 1990-ல் செய்ஜி ஒகாவா இதே தன்மையை எம்.ஆர்.ஐ. படத்தில் பயன்படுத்திக் காட்டினார், போல்ட் எம்.ஆர்.ஐ. என்ற முறை அப்படிப் பிறந்தது. அதைச் சிறுநீரகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி பாஸ்டனில் பணியாற்றிய பிரசாத். அவரும் சக ஆய்வாளர்களும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு, ஊசி எதுவும் குத்தாமலேயே அகணியின் ஆக்சிஜன் மாற்றத்தைப் படத்தில் பின்தொடர முடியும் என்று காட்டியது. இம்முறையில் ஒரே மூச்சடக்கலில் பல எதிரொலி நேரங்களில், அதாவது சமிக்ஞையைத் தூண்டிய பின் வெவ்வேறு கால இடைவெளிகளில், படம் எடுத்து, சமிக்ஞை எவ்வளவு விரைவில் மங்குகிறது என்று கணக்கிடுகிறார்கள். அந்த வேகத்துக்கு ஆர்-2-ஸ்டார் என்று பெயர். ஆக்சிஜன் குறையக் குறைய அந்த எண் உயரும். 3 டெஸ்லா காந்தபலம் கொண்ட இயந்திரத்தில் ஆரோக்கியமானவரின் புறணியில் அது விநாடிக்கு ஏறத்தாழ 20 என்றும், அகணியில் 30-ஐ ஒட்டியும் இருக்கும். 1.5 டெஸ்லாவில் இரண்டுமே குறைவு. ஆகவே இருவேறு காந்தபலம் கொண்ட இயந்திரங்களின் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது.

நன்றாகத் தண்ணீர் குடித்த இளம் வயதினரிடம் அகணியின் இந்த எண் கண்கூடாக இறங்குகிறது. பிரசாத்தும் எப்ஸ்டீனும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: இளையவர்களிடம் காணப்பட்ட அந்த முன்னேற்றம் முதியவர்களிடம் காணப்படவில்லை, புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் வலி மாத்திரை கொடுத்தபோது இளையவர்களிடமும் அது மறைந்துவிட்டது. இந்த ஒரு முடிவிலிருந்தே நடைமுறைக்குத் தேவையான பாடங்கள் பல கிடைக்கின்றன. எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் கேட்டால் போதாது. வயது என்ன, மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ முந்தின நாள் மாத்திரை ஏதேனும் போட்டாரா என்பதையும் கேட்க வேண்டும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரையை நம்மவர்கள் பெரும்பாலும் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகவே "மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று பொதுவாகக் கேட்காமல், "வலிக்கு ஏதாவது மாத்திரை போட்டீர்களா" என்று தனியாகக் கேட்பதே நல்லது.

இதில் உள்ள ஆபத்து எளிதில் கண்ணில் படாது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ள ஒருவரை ஜனவரியில் காலை 8 மணிக்கு, இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காத நிலையில் படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் அவரே பிற்பகல் 3 மணிக்கு, வழியில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு வருகிறார். எண் குறைந்திருக்கிறது. இடையில் தொடங்கிய புதிய மருந்துதான் ஆக்சிஜனை மேம்படுத்தியது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அந்த வேறுபாட்டில் மருந்தின் பங்கு எவ்வளவு, தண்ணீர்ப் பாட்டிலின் பங்கு எவ்வளவு என்பதை அந்தப் படங்களை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆர்-2-ஸ்டார் என்பதே ஆக்சிஜனை நேரடியாக அளக்கும் எண் அன்று. ரத்தத்தின் அளவும், ஹீமோகுளோபினின் அளவும், திசுவில் உள்ள நீரும், அருகிலுள்ள குடல்வாயுவும் அதில் கலந்தே வருகின்றன.

டிஃப்யூஷன் படத்தில் விளைவு வேறு வழியாக வருகிறது. திசுவில் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை ஏ.டி.சி. என்ற எண்ணாகச் சொல்வது இந்த முறை. ஆனால் சிறுநீரகத்தில் தானாக நகரும் நீரோடு, நுண்குழாய்களில் ஓடும் திரவமும் நுண்நாளங்களில் ஓடும் ரத்தமும் சேர்ந்தே கணக்கில் வந்துவிடுகின்றன. சிறுநீர் பெருகி ஓடும்போது இந்த எண் உயர்கிறது. நீரருந்தாத நிலையில் எடுத்த அளவையும் நீர் குடித்த பின் எடுத்த அளவையும் ஒப்பிட்டு 1994-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். குறைந்த பி-மதிப்புகளை (நீரின் நகர்வைப் படம் எவ்வளவு உணர வேண்டும் என்பதைக் குறிக்கும் அமைப்பு எண்) மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஓட்டத்தின் கலப்பு இன்னும் அதிகம். சிறுநீரக நாரேற்றத்தை (திசு தழும்பேறி இறுகுவதை) ஏ.டி.சி.யால் மதிப்பிடும் ஆய்வுகளில் ஒரு குழுவினர் நோன்பிலும் மற்றவர்கள் குடித்த நிலையிலும் வந்திருந்தால், எண்களின் வேறுபாட்டை நாரேற்றத்தின் கணக்கில் எழுதிவிடும் அபாயம் உண்டு.

புறணியின் ரத்த ஓட்டத்தை அளக்கும் முறைகள் ஒப்பிடுகையில் உறுதியானவை. சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் என்பதால் சாதாரண அளவு தண்ணீர் அதைப் பெரிதாக அசைப்பதில்லை. கடும் நீரிழப்பு வேறு விஷயம்; அப்போது அந்த ஓட்டமும் குறையத் தொடங்கும்.

சிறுநீரகத்தின் கொள்ளளவை அளப்பவர்கள் தண்ணீரைப் பற்றி யோசிப்பது குறைவு. யோசிக்க வேண்டும் என்பதே என் கருத்து. பரம்பரையாக வரும் பல்கட்டிச் சிறுநீரக நோயில் நோயின் போக்கை அளக்கும் முக்கிய அளவுகோலே சிறுநீரகங்களின் மொத்தக் கொள்ளளவுதான். இந்நோயாளிகளைப் படங்களால் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியான கிரிஸ்ப் ஆய்வில் அது ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதத்தைச் சற்றே தாண்டி வளர்ந்தது. இந்நோயின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் டோல்வாப்டன் மருந்தைப் பற்றி 2012-ல் வெளியான பெரிய ஆய்வில் மருந்து பெற்றவர்களுக்கு ஆண்டு வளர்ச்சி 2.8 சதவீதமாகவும், பெறாதவர்களுக்கு 5.5 சதவீதமாகவும் இருந்தது. இத்தனை சிறிய வேறுபாட்டைத் தேடும்போது, ஒரு நாள் வறண்ட சிறுநீரகத்தையும் மறுநாள் சிறுநீர் நிறைந்த சிறுநீரகத்தையும் அளந்து ஒப்பிட்டால் தேடும் பொருளே மறைந்துவிடக் கூடும். சிறுநீர் தேங்கும் குழிவைக் கணக்கில் சேர்த்தார்களா, விட்டார்களா என்பதையும் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

சிறுநீர்ப் பாதையைப் பார்க்கும் படங்கள்

எம்.ஆர். யூரோகிராபி எனப்படும் சிறுநீர்ப்பாதைப் படத்தில் தண்ணீர் வெறும் குழப்பக் காரணி அன்று, அதுவே கருவி. இதில் இரண்டு முறைகள் உண்டு. தேங்கிய திரவத்தை மட்டும் பளிச்சென்று காட்டும் டி-2 முறை ஒன்று. படத்தில் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் கேடோலினியம் மருந்தைச் செலுத்தி அது சிறுநீரில் வெளியேறும்போது பார்ப்பது மற்றொன்று.

முதல் முறையில் சிறுநீர்க்குழாய் விரிந்திருந்தால்தான் தெரியும். வறண்ட நோயாளியின் வீங்காத குழாய் படத்தில் அங்கங்கே அறுந்து தெரியும்; அடைப்பு இருக்கிறதோ என்று பார்ப்பவர் ஐயுறுவார். அதற்காகப் படுப்பதற்குச் சற்று முன் இரண்டு மூன்று தம்ளர் தண்ணீரைக் குடிக்க வைப்பதும் தவறு. இந்தப் படம் எல்லாத் திரவத்தையும் வெள்ளையாகக் காட்டும். இரைப்பையிலும் சிறுகுடலிலும் நிற்கும் தண்ணீரும் அதே வெண்மையில் சிறுநீரகத்தின் மேல் படிந்துவிடும். ஆகவே குடிக்க வேண்டியதை ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே குடித்து முடிக்கச் சொல்லுங்கள். அதற்குள் தண்ணீர் குடலைக் கடந்து சிறுநீராகத் தொடங்கிவிடும். வாயால் குடிக்க இயலாதவர்களுக்கு மருத்துவரின் ஆணைப்படி சிரை வழியாகத் திரவம் ஏற்றலாம்.

இரண்டாவது முறையில் நடப்பதை ஒருமுறை திரையில் பார்த்துவிட்டால் மறக்க முடியாது. கேடோலினியம் நீர்த்த நிலையில் சிறுநீரைப் பளிச்சென்று வெளுப்பாக்கும். செறிவு மிகுந்தாலோ அதுவே சமிக்ஞையை அழித்துக் கறுப்பாக்கிவிடும். நெடுநேரம் தண்ணீர் குடிக்காதவரின் சிறுநீரகக் குழிவில் மருந்து வந்து விழும்போது, மல்லாந்து படுத்திருக்கும் அவருடைய முதுகுப்புறமாக, அடியில் ஒரு கரிய படிவு தங்குகிறது. அதற்கு மேல் மெல்லிய வெண்ணிற அடுக்கு. அதற்கும் மேல் மருந்து கலவாத சாம்பல்நிறச் சிறுநீர். அந்தக் கரிய பகுதியைக் கல் என்றோ ரத்தக்கட்டி என்றோ புதியவர் நினைத்துவிட வாய்ப்புண்டு. நன்றாக நீரேறிய ஒருவருக்கு, சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடும் சிறிதளவு கொடுத்திருந்தால், அதே குழிவு முழுவதும் ஒரே சீரான வெண்மையில் நிறைகிறது.

இதனால்தான் பெரியவர்களுக்குப் பொதுவாக 5 முதல் 10 மி.கி. ஃபுரோசமைடைச் சிரை வழியாகக் கொடுக்கிறார்கள். குழந்தைகளுக்குரிய சிறுநீர்ப்பாதைப் படத்தில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம், அதிகபட்சம் 20 மி.கி. என்று கணக்கிட்டு, கேடோலினியத்துக்குக் கால் மணி நேரம் முன்பு கொடுக்கும் முறை பல மையங்களில் உண்டு; அதற்கு முன் சிரை வழியாகத் திரவமும் ஏற்றுகிறார்கள். திரவம் ஏற்றாமல் ஃபுரோசமைடை மட்டும் கொடுப்பது குழந்தையை வறளச் செய்யும். முடிவு மருத்துவருடையது, ஆனால் திரவம் ஏறிவிட்டதா என்று ஊசிக்கு முன் உறுதி செய்துகொள்வது அறையில் நிற்பவரின் கடமை.

நோயாளி செய்ய வேண்டியவை

முதலில், உங்களுக்கு எடுக்கப்போவது எந்த வகைப் படம் என்று மையத்தில் கேளுங்கள். கட்டியின் வடிவத்தையும் இடத்தையும் பார்ப்பதற்கான சாதாரணப் படமாக இருந்தால், வழக்கமாகக் குடிக்கும் அளவே போதும். சிறுநீர்ப்பாதைப் படமோ, ஆக்சிஜன், டிஃப்யூஷன், கொள்ளளவு போன்ற அளவீடோ என்றால் அவர்கள் கொடுக்கும் தண்ணீர் அட்டவணையை அப்படியே பின்பற்றுங்கள். அட்டவணை எதுவும் தராவிட்டால் எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை.

வயிற்றுப் படத்துக்கு முன் 4 மணி நேரம் திட உணவு வேண்டாம் என்று பெரும்பாலான மையங்கள் சொல்கின்றன. அதைத் தண்ணீருக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டு, முந்தின இரவு 9 மணிக்குக் குடித்ததோடு சரி, மறுநாள் பகல் 11 மணி வரை நாக்கு வறள உட்கார்ந்திருப்பவர்கள் மிகப் பலர். சித்திரை, வைகாசி வெயிலில் பேருந்தில் வந்து இறங்குகிறவருக்கு இது வெறும் அசௌகரியம் அன்று. சிறுநீரக நோயாளிக்கு அது கெடுதலும்கூட. மயக்க மருந்து கொடுத்து எடுப்பதாக இருந்தால் மட்டும் விதி வேறு: வழக்கமாகத் தெளிந்த திரவத்தை 2 மணி நேரத்துக்கு முன்பும், உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள், அங்கே மயக்க மருத்துவர் சொல்வதே இறுதி.

முந்தின நாள் உணவையும் பாருங்கள். உப்பு கூடினால் சிறுநீரகத்தின் சோடிய வேலையும் மாறுகிறது. உப்பைக் குறைத்தபோது அகணியின் ஆக்சிஜன் நிலை மேம்பட்டதை 2010-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே அளவீட்டுப் படத்துக்கு முந்தின நாள் கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றை விலக்கிவிட்டு, வழக்கமான எளிய உணவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காலையில் காபியும் தேநீரும் வேண்டாம்.

தண்ணீருக்குப் பதிலாக வேறு பானம் குடிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகச் செயல் குறைந்தவர்களுக்கு அது இதயத் துடிப்பையே பாதிக்கும். உப்புப் போட்ட மோர் சோடியக் கணக்கைக் கெடுக்கும். சோடா வகைகள் இரைப்பையில் வாயுவை நிரப்பும். இடது சிறுநீரகம் இரைப்பைக்கும் குடலுக்கும் அருகிலேயே இருப்பதால், அந்த வாயு போல்ட் படத்தில் அப்பகுதியின் எண்களைத் திரித்துவிடும். வெறும் தண்ணீரே சிறந்தது.

தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள், அதாவது இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், கல்லீரல் சுருக்கத்தால் வயிற்றில் நீர் கோத்தவர்கள், ஸ்கேன் மையத்தின் பொதுவான அறிவுரையைக் கேட்டுக் கூடுதலாகக் குடிக்கவே கூடாது. ஒரு நாளுக்கான உங்கள் கட்டுப்பாடு ஒரு லிட்டர் என்றால் அந்த ஒரு லிட்டருக்குள்தான் ஸ்கேனுக்கான தண்ணீரும் அடங்க வேண்டும். அதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். நோய் எதுவும் இல்லாதவர்களும் குறுகிய நேரத்தில் லிட்டர் கணக்கில் குடிப்பது தவறு. மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. அதற்கு மேற்பட்டது ரத்தத்தின் சோடியத்தைத் தாழ்த்தி, தலைவலி, வாந்தி, வலிப்பு வரை கொண்டுபோகக் கூடும்.

மருந்துகளைப் பொறுத்தவரை, நீர் பிரியும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரைக்குக் கொடுக்கப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை எல்லாமே சிறுநீரின் அளவையோ சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையோ மாற்றுபவை. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுவந்து, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

படுக்கப்போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்; அதற்குள் சிறுநீர்ப்பை முட்டிக்கொண்டால் மூச்சடக்கச் சொல்லும்போது உடல் ஒத்துழைக்காது, படம் கலங்கும்.

எம்.ஆர்.ஐ. அறையில் செய்ய வேண்டியவை

நாம் அளவீட்டுக்கென்று ஒரு நடைமுறையை வகுக்கும்போது அதிலுள்ள எண்களைவிட, அது மாறாமல் இருப்பதே முக்கியம். எடுத்துக்காட்டாக, எல்லோரையும் காலையில் ஒரே நேரத்தில் வரவழைத்து, 4 மணி நேரம் உணவின்றி இருக்கச் செய்து, வந்ததும் சிறுநீர் கழிக்கச் சொல்லி, படத்துக்குச் சரியாக ஒரு மணி நேரம் முன் 300 மி.லி. தண்ணீரை மையத்திலேயே அளந்து கொடுக்கலாம். வீட்டில் குடித்துவிட்டு வரச் சொன்னால் ஒருவரின் தம்ளர் 150 மி.லி.யாகவும் இன்னொருவரின் சொம்பு 700 மி.லி.யாகவும் இருக்கும். நீர்ச்சுமை கொடுத்து சிறுநீரகத்தின் எதிர்வினையைச் சோதிப்பதே நோக்கம் என்றால், கிலோவுக்கு 20 மி.லி. என்பது நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள அளவு. 60 கிலோ உள்ளவருக்கு அது 1,200 மி.லி. ஆகிறது. அந்த அளவை மருத்துவ மேற்பார்வையின்றி யாருக்கும் கொடுக்கக் கூடாது.

நோயாளி சொல்வதை மட்டும் நம்பாமல் சிறுநீரையும் பாருங்கள். படத்துக்கு முன் கழிக்கும் சிறுநீரில் ஒரு சோதனைப் பட்டையை நனைத்தால் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிடும்போது சிறுநீர் எவ்வளவு அடர்ந்தது என்ற எண்) தெரிந்துவிடும். 1.005-ஐ ஒட்டியிருந்தால் அவர் நிறையக் குடித்திருக்கிறார், 1.025-ஐத் தாண்டினால் வறண்டிருக்கிறார். புரதம் சிறுநீரில் இருந்தால் இந்த எண் ஏமாற்றக் கூடும். சிறுநீரின் செறிவை, அதாவது ஆஸ்மோலாலிட்டியை, அளக்கும் வசதி இருந்தால் அதுவே மேல். முற்றிய சிறுநீரக நோயில் சிறுநீரகம் செறிவூட்டும் திறனையே இழந்துவிடுவதால், அவர் எவ்வளவு வறண்டிருந்தாலும் எண் 1.010-ஐ ஒட்டியே நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவரின் சிறுநீர் எவ்வளவு குடித்தாலும் அடர் மஞ்சளாகவே வரும்.

படங்களை எடுக்கும் வரிசையையும் கவனமாக அமைக்க வேண்டும். சிறுநீர் ஓட்டம் படம் எடுக்கும் நேரம் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கிறது. போல்ட் படத்தை ஒருமுறை பத்தாவது நிமிடத்திலும் அடுத்த முறை நாற்பதாவது நிமிடத்திலும் எடுத்தால், ஒரே அளவு தண்ணீர் கொடுத்தும் நிலை வேறாகிவிடும். எனவே நீர்நிலைக்கு எளிதில் அசையும் போல்ட், டிஃப்யூஷன் படங்களைத் தொடக்கத்திலேயே, எப்போதும் ஒரே வரிசையில் எடுங்கள். ஃபுரோசமைட் கொடுப்பதாக இருந்தால் அடிப்படைப் படங்கள் முடிந்த பிறகே கொடுங்கள். சிரையில் செலுத்திய சில நிமிடங்களிலேயே அது வேலை செய்யத் தொடங்கி, அரை மணி நேரத்தை ஒட்டி உச்சத்தை அடைகிறது. கேடோலினியம் எல்லாவற்றுக்கும் கடைசி. அது உள்ளே போன பின் அன்று எடுக்கும் ஆர்-2-ஸ்டார், டி-1 (திசுவின் மற்றொரு காந்த அளவு) எண்களுக்கு மதிப்பில்லை.

சிறுநீரகக் குழிவு விரிந்து தெரிந்தால் அடைப்பு என்று எண்ணுவதற்கு முன், சிறுநீர்ப்பையைப் பாருங்கள். அது நிரம்பி வழியும் நிலையில் இருந்தால், நோயாளியை இறக்கி, சிறுநீர் கழிக்கச் செய்து, அந்த ஒரு படத்தை மட்டும் மீண்டும் எடுங்கள். நிறையக் குடித்தவருக்கும், குறிப்பாக மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவருக்கும், நிரம்பிய சிறுநீர்ப்பையே குழிவை விரியச் செய்வதுண்டு. கழித்த பின் சுருங்கிவிட்டால் தேவையற்ற அடுத்த கட்டச் சோதனைகளிலிருந்து ஒருவரைக் காப்பாற்றியவர் ஆவீர்கள். இதற்குப் பிடிக்கும் பத்து நிமிடத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அறிக்கையிலும் கோப்பிலும் எழுத வேண்டியவை: கடைசியாக உணவும் தண்ணீரும் எடுத்துக்கொண்ட நேரம், மையத்தில் கொடுத்த தண்ணீரின் அளவும் நேரமும், சிறுநீரின் ஒப்படர்த்தி, கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம், கடந்த இரண்டு நாட்களில் போட்ட வலி மாத்திரையும் நீர் மாத்திரையும், ஒவ்வொரு படமும் தொடங்கிய நேரம். கடைசியாகச் சொன்னது இயந்திரத்திலேயே பதிவாகிவிடும். மற்றவற்றை நாம்தான் எழுத வேண்டும். பழைய கோப்பில் இந்த விவரங்கள் இல்லையென்றால், அந்தப் பழைய எண்ணோடு ஒப்பிட்டு "முன்னேற்றம்", "பின்னடைவு" என்று எழுதாமல், நீர்நிலை தெரியாததால் ஒப்பீடு உறுதியற்றது என்று மருத்துவருக்குத் தெரியும்படி குறிப்பிடுங்கள்.

படம் முடிந்த பிறகு

கேடோலினியம் இல்லாமல் எடுத்தவர்கள் உடனே உணவும் நீரும் எடுத்துக்கொள்ளலாம். முழுநோன்பில் வந்த முதியவர்களை எழுந்ததும் சில நிமிடம் உட்கார வைத்த பிறகே நடக்க விடுங்கள், ஏனெனில் ஃபுரோசமைடும் பட்டினியும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். கேடோலினியம் பெற்றவர்களில் சிறுநீரகம் நன்றாக இயங்குவோருக்கு அதில் பாதி ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் வெளியேறிவிடும். வழக்கம்போல் தண்ணீர் குடித்தால் போதும். சி.டி. ஸ்கேனின் அயோடின் மருந்துக்குச் சொல்லப்படும் தண்ணீர் அறிவுரையை அப்படியே இதற்கும் சொல்வது வழக்கமாகிவிட்டது. இரண்டும் வேறு மருந்துகள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். எண் 30-க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு என்பது, தேவை உண்டா என்று முன்பே தீர்மானித்து, பாதுகாப்பான வகை கேடோலினியத்தைக் குறைந்த அளவில் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. பிறகு குடிக்கும் தண்ணீரில் இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு, வழக்கமான டயாலிசிஸ் நாளுக்குச் சற்று முன்பாக ஸ்கேனை வைத்துக்கொள்வது நடைமுறையில் எளிது. நாளும் நேரமும் குறிக்கும்போதே டயாலிசிஸ் அட்டையை மையத்தில் காட்டி, இரண்டையும் சேர்த்துத் திட்டமிடச் சொல்லுங்கள்.